திருநர்: ஒரு சொல்லில் பலர்

சென்னையிலிருந்து திருத்தணிக்கு வரும் மின்சார ரயிலில் அடிக்கடி பயணிப்போர் திருநங்கையரை அறிவர். கைதட்டல் ஒலி கேட்டதும் சிலர் சில்லறை தேடுவர். சிலர் தலைகுனிந்து ஆசி பெறுவர். பலர் உறங்குவதுபோல் கண்களை மூடிக்கொள்வர். அதே பெட்டியில் திருநம்பி ஒருவர் அமர்ந்திருந்தால் அவரை எவரும் அறியமாட்டார். பெண் குழந்தை என்று பதியப்பட்டு, ஆணாகத் தம்மை உணர்ந்து வாழ்பவர் அவர். ஊடுபால் உடலோடு பிறந்தவரையும் நாம் அறிவதில்லை.

இவர்கள் அனைவரையும் ‘திருநர்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அச்சொல்லுக்குள் இருப்போர் ஒருவரையொருவர் எவ்வாறு மதிக்கின்றனர் என்பது அவர்களது உள்விவகாரம் என்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. அவர்களிடையே உள்ள மேல், கீழ்ப் படிகளுள் சிலவற்றை நம் சட்டங்களும் திட்டங்களுமே கட்டிக்கொடுத்துள்ளன.

பெயரிலிருந்தே தொடங்கலாம். கூவாகத்து அரவான் வழிபாட்டை ஒட்டிப் பிறந்த ‘அரவாணி’ என்ற சொல், பழைய இழிசொற்களை விலக்கியது. 2008 ஏப்ரல் 15 அன்று, இந்தியாவிலேயே முதன்முறையாக, அரவாணிகளுக்கென நல வாரியம் ஒன்றைத் தமிழக அரசு அமைத்தது. பின்னர் ‘திருநங்கை’ என்ற கண்ணியமான சொல் வழக்கில் நிலைத்தது. வாரியத்தின் பெயரும் மாறியது. பெருமைக்குரிய வரலாறுதான். ஆயினும் நங்கை என்ற சொல்லில் நம்பிக்கு இடமில்லை. வாரியத்தின் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, இது நமக்கானதன்று என ஒரு திருநம்பி திரும்பிச் சென்றிருந்தால் வியப்பதற்கில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்போ, தமிழகத்தில் 22,364 பேரை ‘மற்றவர்’ என ஒரே கட்டத்தில் எழுதி முடித்துக்கொண்டது.

திருநங்கையர்க்கு ஜமாத் என்ற அரண் உண்டு. பெற்றோர் துரத்திய பிள்ளையைக் குரு மகளாக ஏற்கிறார். குருவுக்குக் குரு நானி, மகள்கள் சேலாக்கள். நோயுற்றால் கஞ்சி வைப்பதும், இறந்தால் இறுதிச் சடங்கு செய்வதும் இந்த உறவுகளே. மொழியும் மாநில எல்லையும் இவ்வுறவுக்குத் தடையல்ல. தமிழ் பேசும் சேலாவுக்குத் தெலுங்கு பேசும் குரு வாய்க்கலாம். திருத்தணியில் வாழ்வோருக்கு இது புதுமையாகத் தோன்றாது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் பேசுவோர் இன்றும் இங்கு உண்டு. இரண்டில் எது உண்மையான நீ என்று அவர்களை எவரும் கேட்பதில்லை.

ஜமாத்துக்குள் அந்தக் கேள்வி எழுகிறது. அறுவைச் சிகிச்சை முடித்தவர் ‘நிர்வாணம்’, முடிக்காதவர் ‘அக்குவா’. முன்னவருக்கே மதிப்பு அதிகம். சேலாவின் வருவாயில் குருவுக்குப் பங்கு, விலக நினைத்தால் அபராதம் என்ற கடுமைகளும் உண்டு. வேறு வேலை தேடிக்கொண்டு ஜமாத்துக்கு வெளியே வாழ்பவரை உள்ளிருப்போர் ஐயத்தோடு பார்ப்பதும், கடைகேட்டுப் பிழைப்பவரால் நமக்கு அவப்பெயர் என்று படித்தவர் விலகுவதும் நடக்கின்றன. இதில் எவரையும் எளிதில் குற்றம் சொல்லிவிட முடியாது. வாடகைக்கு வீடு தராத ஊரில், தம்மை ஏற்ற ஒரே இடத்தின் விதிகளை அவர்கள் இறுகப் பற்றுகின்றனர்.

இந்தப் படிநிலைக்குச் சட்டமும் துணைபோயிற்று. பாலினத்தைத் தீர்மானிப்பது அவரவர் உரிமை, அதற்கு அறுவைச் சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் கூறியது. 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திருநர் என்று சான்று பெற ஒரு வழியையும், ஆண் அல்லது பெண் என்று சான்று பெற மருத்துவமனைக் கடிதத்தோடு கூடிய மற்றொரு வழியையும் வகுத்தது. ‘நிர்வாணமே’ மேல் என்ற பழைய அளவுகோலுக்கு இதைவிட வேறு முத்திரை வேண்டுமா? அதே சட்டம், குடும்பம் என்பதை இரத்தம், திருமணம், சட்டப்படியான தத்து ஆகிய மூன்றுக்குள் நிறுத்தியது. குருவும் சேலாவும் அதற்குள் வரவில்லை.

சாதி இன்னொரு பிளவு. தமிழக அரசு 2015இல் திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பாலினத்தைச் சாதிபோல் கருதிய அந்த ஆணையை 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கிரேஸ் பானு உள்ளிட்ட தலித் திருநர் செயற்பாட்டாளர்கள் கேட்டுவருவது கிடைமட்ட இடஒதுக்கீடு. அதாவது, ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநர்க்கெனத் தனிப் பங்கு. அரசுப் பணிகளில் 1 விழுக்காட்டை இம்முறையில் கர்நாடகம் 2021இல் வழங்கியது. இதில் ஒற்றுமையைப் பற்றிய ஒரு பாடமும் உண்டு. எல்லோரையும் ஒரே பட்டியலில் தள்ளினால், தலித் திருநங்கையும் பிற சாதித் திருநங்கையும் ஒரே இடத்துக்குப் போட்டியாளர் ஆகின்றனர். வேறுபாட்டை ஏற்றுப் பங்கிட்டால் அந்தப் பகைக்கு வேலையில்லை.

வேறுபாட்டை ஏற்று உடன் நிற்பது எப்படி இருக்கும் என்பதற்கு நாமக்கல் பகுதியிலிருந்து வந்த எழுத்தாளர் அ. ரேவதியைச் சொல்வேன். பெங்களூருவில் ‘சங்கமா’ அமைப்பில் பணியாற்றியவர்; தம் வாழ்க்கையை எழுதியதோடு நின்றுவிடவில்லை. 2016இல் வெளிவந்த தமது நூலில் திருநம்பியர் சிலரின் வாழ்க்கைகளை அவர்கள் வாய்மொழியாகவே பதிவுசெய்தார். மகளாக வளர்க்கப்படுவோருக்கு வீட்டை விட்டு வெளியேறுவதே எவ்வளவு கடினம், வெளியேறினாலும் அடைக்கலம் தர அவர்களுக்கொரு ஜமாத் இல்லை என்பனவற்றை ஒரு திருநங்கை பொறுமையோடு கேட்டு எழுதியது சிறிய செயலன்று.

2022இல் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலில் திருநங்கை, திருநம்பி, ஊடுபால் ஆகியவை தனித்தனியே இடம்பெற்றன. காகிதத்தில் வந்துவிட்ட இந்தச் சொற்கள் வாரியத்தின் பெயர்ப்பலகைக்கும் மருத்துவமனைப் படிவங்களுக்கும் வந்துசேர வேண்டும். ‘உறவினர்’ என்ற கட்டத்தில் குரு கையெழுத்திட இடம் வேண்டும். ஜமாத்தின் மூத்தவர்களிடமும் ஒன்று கேட்பேன்: அறுவை செய்துகொள்ளாத பிள்ளையோ, போக்கிடமற்ற திருநம்பியோ வாசலில் வந்து நின்றால், முதலில் சாப்பிட்டாயா என்று கேளுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.