கோடையில் ஆந்தூரியம்: தண்ணீருக்கு முன்னால் நிழல்

ஆந்தூரியம் சேம்புக் குடும்பத்துச் செடி. கொலம்பியா, எக்வடோர் நாடுகளின் மழைக்காடுகள் அதன் தாயகம். பிரெஞ்சுத் தாவரவியலர் எதுவார் ஆந்த்ரே 1876-இல் தென்னமெரிக்காவில் இதைச் சேகரித்தார்; செடியின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1889-இல் லண்டனிலிருந்து ஹவாய்க்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் இது பெரிய வணிகப் பயிராக வளர்ந்தது. மெழுகு பூசியதுபோல் பளபளக்கும் சிவப்புப் பகுதியைப் பூ என்கிறோம். உண்மையில் அது உருமாறிய இலை. நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் நெருக்கமாக அமைந்த சிறு புள்ளிகளே பூக்கள்.

காட்டில் இது பெருமரங்களின் நிழலில், கிளைகளிலும் இலைமக்கிலும் வேர்விட்டு வாழ்கிறது. மழை நனைத்ததும் நீர் வடிந்துவிடும். காற்றில் ஈரம் எப்போதும் இருக்கும். தொட்டிச் செடியின் கோடைத் தேவைகள் எல்லாம் இந்த வாழ்க்கையிலிருந்தே வருகின்றன. பகலில் ஏறத்தாழ 20 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் இதற்கு இதமானது. 35-ஐத் தாண்டினால் வளர்ச்சி மந்தமாகும், பூவின் நிறம் வெளுக்கும், இலையில் காய்ந்த திட்டுகள் விழும். அக்னி நட்சத்திர நாட்களில் தமிழகத்தின் சமவெளி 40 டிகிரியைத் தொடுகிறது. சென்னையில் நண்பகலுக்குப் பின் கடற்காற்றாவது ஈரத்தைக் கொண்டுவரும். வேலூரிலும் திருச்சியிலும் அந்த உதவியும் இல்லை.

கோடையில் ஆந்தூரியம் சாவதற்குத் தண்ணீர்ப் பஞ்சத்தைவிடத் தண்ணீர் மிகுதியே அடிக்கடி காரணமாகிறது. நண்பகலில் இலைகள் நீரை வேகமாக ஆவியாக்குகின்றன. வேர்களால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. தொட்டியில் ஈரம் இருக்கும்போதே இலை துவள்கிறது. அதைத் தாகம் என்று எண்ணி மீண்டும் ஊற்றினால், வேருக்கிடையே இருந்த காற்று வெளியேறிவிடும். வெதுவெதுப்பான நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு. சூட்டில் வேரின் சுவாசத் தேவையோ அதிகம். வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. இலை மறுபடி துவள, மறுபடி ஊற்ற, சில வாரங்களில் செடி போய்விடுகிறது. ஆகவே விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்த பின்பே தண்ணீர் விட வேண்டும். ஈரம் தட்டுப்பட்டால் செடியை நிழலுக்கு நகர்த்தினால் போதும். பெரும்பாலும் மாலைக்குள் இலை நிமிர்ந்துவிடும்.

நல்ல இடம் என்பது காலைவெயில் மட்டும் சற்று எட்டிப் பார்க்கும் கிழக்கு அல்லது வடக்கு மாடம். மொட்டைமாடியில் வைப்பதானால் 75 சதவீத நிழல்வலை தேவை. சிமென்ட் தரையில் தொட்டியை நேராக வைக்கக் கூடாது. பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவிலும் விட்டுக்கொண்டிருக்கும். செங்கல் மீதோ இரும்புத் தாங்கி மீதோ உயர்த்தி வைக்கலாம். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் வேரை வேகவைத்துவிடும். மண்தொட்டியின் சுவர் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே குளிர்ச்சி தங்கும், பானைத் தண்ணீரைப் போல.

தொட்டிக்குள் தோட்டமண் வேண்டாம். தென்னை மட்டைத் துண்டு, மரக்கரி, உடைத்த செங்கல் ஆகியவற்றின் கலவையில் நீர் நிற்காது, ஈரம் தங்கும். தென்னைநார்க் கழிவு சேர்ப்பதானால் உப்புப் போகப் பலமுறை அலசியாக வேண்டும். தண்ணீரின் உப்பும் இலைநுனியைக் கருக்கும். கோடையில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் மேலும் உப்பேறுகிறது. சேமித்த மழைநீர் கிடைத்தால் அதுவே உத்தமம். வீட்டுச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவுநீரை இதற்கு ஊற்றவே கூடாது, அதில் உப்பு இன்னும் அடர்த்தியாக இருக்கும். ஊற்றும் நேரம் அதிகாலை. அடித்துளை வழியே வடியும்வரை ஒரே முறையாக ஊற்ற வேண்டும்.

காற்றில் ஈரம் கூட்ட, செடிகளை நெருக்கமாகச் சேர்த்து வைப்பதும் ஈரமணல் தட்டின் மேல் தொட்டியை வைப்பதும் உதவும். தொட்டியின் அடி தண்ணீரில் முங்கக் கூடாது. ஏசியின் நேர்க்காற்று இலையை உலர்த்திவிடும்.

வறண்ட சூட்டில் இலையின் அடியில் செம்பேன் பெருகும்; இலை மங்கிப் புள்ளி புள்ளியாகும். ஈரத்துணியால் இரு புறமும் துடைத்தாலே தொடக்கத்தில் கட்டுப்படும். வேப்பெண்ணெய் தெளிப்பதானால் மாலையில்தான். வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். உரத்தைக் கோடை முடியும்வரை மிகவும் குறைத்துவிடலாம். தொட்டி மாற்றுவதை வெயில் தணியும்வரை தள்ளிப்போடுவது நல்லது. இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு, கடித்தால் வாயும் தொண்டையும் எரியும். குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

மேற்குப் பார்த்த, நிழலே விழாத மாடம் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆந்தூரியம் பொருந்தாது. அங்கே அடீனியமும் காகிதப்பூவும் அதே வெயிலில் நன்றாகப் பூக்கும்.