போதனை பற்றிய ஆராய்ச்சியும் பல்கலைக் கழகங்களும்

பெங்களூரில் மல்லேஸ்வரத்தை அடுத்துள்ள இந்திய விஞ்ஞானக் கழகம் 1909-ல் நிறுவப்பெற்றது. உயர்தர ஆராய்ச்சிக்கெனத் தோன்றிய இந்நிலையம் பள்ளி ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்து வருகிறது. சித்ரதுர்க்கா மாவட்டத்தில் குதாபுராவிலுள்ள அதன் வளாகத்தில் ஆசிரியர்கள் தம் கைகளாலேயே பரிசோதனைகளைச் செய்து பார்க்கின்றனர். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், ஆசிரியருக்கு விஞ்ஞானம் போதிப்பது வேறு. மாணவன் அதனை எவ்வாறு கற்கிறான் என ஆராய்வது வேறு. பின்னதற்குப் பல்கலைக் கழகம் எங்ஙனம் துணை நிற்கலாம் என்பதற்கு, மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இன்றைய நர்மதாபுரம்) நடைபெற்ற முயற்சி தக்க சான்றாகும்.

1972-ல் அங்கு 16 நடுநிலைப் பள்ளிகளில் இரு தொண்டு நிறுவனங்கள் புதிய விஞ்ஞான போதனையைத் தொடங்கின. டில்லிப் பல்கலைக் கழக ஆசிரியர் பலர் இதில் ஈடுபட்டனர். அவர்கள் கிராமப் பள்ளிகளில் பணியாற்ற ஏதுவாகப் பல்கலைக் கழக மான்யக் குழு உதவித் தொகை வழங்கியது. பணத்தினும் பெரிய உதவி ஒன்று இதில் அடங்கியிருந்தது: பள்ளியில் கழிந்த காலமும் பல்கலைக் கழகப் பணியாகவே மதிக்கப்பட்டது.

பாடங்கள் முதலில் வகுப்பறையில் சோதிக்கப்பட்டன. மாணவர் எங்கே தயங்கினர், எந்தப் பரிசோதனை பலிக்கவில்லை என்பன போன்ற செய்திகளை ஆசிரியர்கள் மாதாந்திரக் கூட்டங்களில் எடுத்துரைத்தனர். அதற்கேற்பப் பாடங்கள் திருத்தி எழுதப்பட்டன. பூக்களைப் பிரித்துப் பார்க்க உலோக ஊசிகளுக்குப் பதிலாக கருவேல முள்ளே பயன்பட்டது. விலைகொடுத்து வாங்க வேண்டாத, துருப்பிடிக்காத கருவி அது! பேராசிரியர்களும் கிராமத்தில் கற்றுக்கொள்ள வேண்டியவை இருந்தன என்பது தெளிவு. தேர்வும் மாறியது; மாணவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே விடையெழுதினர், செய்முறையும் சோதிக்கப்பட்டது.

1978-ல் திட்டம் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவடைந்தது. 1982-ல் தோன்றிய ஏகலவ்யா நிறுவனம் பொறுப்பேற்றபின், பிற மாவட்டங்களிலும் பரவியது. 2002-ல் மாநில அரசு இதனை நிறுத்திவிட்டது.

எனினும் ஒரு சிக்கல் எங்கும் எழுகிறது. பௌதிகத்தில் ஆராய்ச்சி செய்பவருக்குப் பட்டமும் பதவி உயர்வும் உண்டு. பௌதிகத்தை மாணவன் ஏன் தவறாகப் புரிந்துகொள்கிறான் என ஆராய்பவருக்குப் பல இடங்களில் அவை எளிதில் கிட்டுவதில்லை. உதவித் தொகை முடிந்ததும் அவர் பழைய வேலைக்கே திரும்ப நேரும். பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் அங்கமாக 1974-ல் தொடங்கப்பெற்ற ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி மையத்தில் இக்குறை நீங்கியுள்ளது. விஞ்ஞானக் கல்வி பற்றிய ஆராய்ச்சிக்கே அங்கு டாக்டர் பட்டம் பெறலாம்.