அம்மா வழியிலும் வரும் புராஸ்டேட் அபாயம்

புராஸ்டேட் புற்றுநோய் என்றதும் "அப்பாவுக்கு இருந்ததா, அண்ணன் தம்பிக்கு இருந்ததா" என்று விசாரிப்போம். அம்மாவுக்கோ சித்திக்கோ அத்தைக்கோ மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்ததுண்டா என்று பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். இவை மூன்றையும் இணைக்கும் மரபணு ஒன்று உண்டு: பி.ஆர்.சி.ஏ.2. அது பாலினக் குரோமோசோமில் அல்ல, 13-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதனால் அதிலுள்ள பழுது தாய், தந்தை யார் வழியாகவும் வரலாம். மகனானாலும் மகளானாலும் வாய்ப்பு சரிபாதி.

டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் ஒருசேர அறுந்தால் அதைப் பிழையில்லாமல் சரிசெய்ய, இந்த மரபணு தரும் புரதம் வேண்டும். 3,418 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய புரதம் அது. அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படும் ஒரு பிறழ்வில் 'டி' என்ற ஒரே எழுத்து விடுபட்டிருக்கும். மும்மூன்று எழுத்தாகப் படிக்கும் செல்லுக்கு அங்கிருந்து வரிசை தப்பிவிடுகிறது. கொஞ்ச தூரத்திலேயே 'நிறுத்து' என்ற குறியும் வந்துவிடுகிறது. புரதத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான பகுதி உருவாவதே இல்லை. டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் பகுதி அந்த உருவாகாத பங்கில்தான் இருக்கிறது.

ரத்தத்திலோ எச்சிலிலோ இந்தப் பழுதைத் தேடும் சோதனை, புற்றுநோய் இருக்கிறதா என்று சொல்லாது. யாரைக் கண்காணிக்க வேண்டும் என்றுதான் சொல்லும். கண்காணித்தால் பலன் உண்டா? லண்டன் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் ராஸ் ஈல்ஸ் தலைமையில் 2005-இல் தொடங்கிய 'இம்பாக்ட்' ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. 40 முதல் 69 வயதுவரையுள்ள ஆண்களுக்கு ஆண்டுதோறும் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அளவு மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமைத் தாண்டினால் பயாப்சி. பிறழ்வு இல்லாத ஆண்களையும் ஒப்பீட்டுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். 2019-இல் வந்த முடிவுகளின்படி, பி.ஆர்.சி.ஏ.2 பிறழ்வு உள்ளவர்களுக்குப் புற்றுநோய் கூடுதலாகவும் இளம் வயதிலும் வந்தது. கண்டறிந்த கட்டிகளில் 77 சதவீதம் சிகிச்சை தேவைப்படும் தீவிர வகை. பிறழ்வு இல்லாதவர்களில் அது 40 சதவீதம். இந்த வேறுபாட்டுக்காகவே பிறழ்வு உள்ளவர்களுக்கு 40 வயதிலிருந்து ஆண்டுதோறும் பரிசோதனை நியாயம் என்று நான் கருதுகிறேன். பி.எஸ்.ஏ. சாதாரண வீக்கத்தாலும் தொற்றாலும்கூட ஏறும். எல்லா ஆண்களுக்கும் இதையே செய்தால் வீண் பயாப்சிகள்தான் பெருகும்.

சோதனையை யாரிடம் தொடங்குவது என்பதிலும் கவனம் வேண்டும். நோய் வந்தவரிடம் முதலில் செய்வதே நல்லது. அவருடைய மரபணுக்களை முழுதாகப் படித்துப் பிழையைக் கண்டுபிடித்துவிட்டால், அண்ணன் தம்பிகளுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். பிழை இல்லை என்று தெரிந்தவருக்கு இந்தக் கூடுதல் கண்காணிப்பு தேவைப்படாது; இருக்கிறது என்று தெரிந்த மகளுக்கோ மார்பகத்தையும் சினைப்பையையும் பற்றி மருத்துவரிடம் பேச நேரம் கிடைக்கும்.