டிவிடி டிரைவைக் காணோமா?

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. இதையடுத்து விண்டோஸ் 11க்கு மாறிய சிலருக்குப் புதிய தலைவலி. திஸ் பிசியைத் திறந்தால் சி, டி டிரைவ்கள் இருக்கின்றன. டிவிடி டிரைவ் மட்டும் இல்லை.

ஆம்பூரில் தோல் கம்பெனிகளுக்கு ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் என் நண்பருக்கும் இதுதான் நேர்ந்தது. பழைய கணக்குகள் எல்லாம் டிவிடிகளில் மட்டுமே இருந்தன. ஆடிட்டர் கேட்ட நேரம் பார்த்து டிரைவைக் காணோம். "டிரைவ் போயிடுச்சு, புதுசு வாங்குங்க" என்று யாரோ சொல்ல, பதறிப்போய் என்னிடம் வந்தார். நாங்கள் சோதித்த வரிசையை இங்கே தருகிறேன்.

1. டிரைவின் பட்டனை அழுத்துங்கள். டிரே வெளியே வந்தால் மின்சாரம் போகிறது. அடுத்து, கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் பயாஸ் திரையில் டிரைவின் பெயர் உள்ளதா எனப் பாருங்கள். இல்லையென்றால், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, டிரைவின் பின்புறமுள்ள இரண்டு கேபிள்களையும் கழற்றி மாட்டவும்.

2. பயாஸில் இருந்தால் கோளாறு விண்டோஸ் பக்கம். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறக்கவும். டிவிடி டிரைவின் மீது மஞ்சள் குறி இருந்தால், ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்திடவும். விண்டோஸ் தானே டிரைவைக் கண்டுபிடிக்கும்; இதற்கெனத் தனி டிரைவர் புரோகிராம் தேவையில்லை.

3. அப்படியும் வரவில்லையா? பழைய சிடி ரைட்டிங் புரோகிராம்கள் விட்டுச் சென்ற பதிவுகள் தடுக்கலாம். ரன் கட்டத்தில் ரெஜ்எடிட் என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். முதல் வேலையாக, பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் மூலம் ரிஜிஸ்ட்ரிக்கு பேக்கப் எடுக்கவும். பின் ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், கிளாஸ் என வரிசையாகச் சென்று, 4டி36இ965 எனத் தொடங்கும் போல்டரைத் தேர்ந்தெடுக்கவும். வலது பக்கம் கிளாஸ் என்பதற்கு நேரே சிடிராம் என்று இருக்க வேண்டும். அங்குள்ள அப்பர்பில்டர்ஸ், லோயர்பில்டர்ஸ் என்ற இரண்டை மட்டும் அழித்து ரீஸ்டார்ட் செய்திடவும். வேறு எதையும் தொடாதீர்கள்!

நண்பருக்கு இந்த மூன்றாவது வழியில் டிரைவ் கிடைத்தது. இதன்பின் ரைட்டிங் புரோகிராம் இயங்காவிட்டால் மீண்டும் இன்ஸ்டால் செய்துகொள்ளலாம்.

டிரைவ் காணாமல் போனாலும் டிஸ்க்கில் உள்ள பைல்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் டிஸ்க்குகளும் நாளடைவில் கெடும். எனவே டிரைவ் வந்தவுடன் முக்கியமான பைல்களை ஹார்ட் டிஸ்க்கிலும், வெளியே வைக்கும் இன்னொரு டிஸ்க்கிலும் காப்பி செய்துவிடுங்கள்.