கடைசிப் பக்கத்தில் கழிந்த நேரம்

'மழைக்காலத்தில் மாடித்தோட்டம்' என்று ஒருவர் தேடுகிறார். கண்ணிமைக்கும் நேரத்தில் பட்டியல் வந்து நிற்கிறது. அதற்குள் இணையம் முழுவதையும் கூகுள் துழாவிவிட்டதா? இல்லை. அந்தக் கணத்தில் அது ஒரு தளத்தைக்கூடத் திறந்து பார்ப்பதில்லை.

வேலை முன்பே நடந்துவிட்டது. கிராலர் எனப்படும் நிரல்கள் இணைப்பு விட்டு இணைப்பு தாவி, பக்கங்களைப் படித்து வந்திருக்கின்றன. எந்தச் சொல் எந்தப் பக்கங்களில் வருகிறது என்பது நூலின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் போலத் தொகுக்கப்பட்டிருக்கிறது. 'மழைக்காலம்', 'மாடித்தோட்டம்' இரண்டு வரிசைகளிலும் இருக்கும் பக்கங்களை எடுத்தால் போதும்.

எதை முதலில் காட்டுவது? 1990களில் ஸ்டான்ஃபோர்டில் படித்த கூகுள் நிறுவனர்கள் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஒவ்வொரு இணைப்பையும் ஓட்டாக எண்ணினார்கள். செல்வாக்குள்ள பக்கம் போடும் ஓட்டுக்கு மதிப்பு அதிகம். ஆனால் அந்தச் செல்வாக்கே பிறர் ஓட்டால் வருவதாயிற்றே! முடிவில்லாமல் சுற்றும் இந்தச் சிக்கலை அவர்கள் சுற்றவிட்டே தீர்த்தார்கள். எல்லாப் பக்கங்களுக்கும் ஒரு தொடக்க மதிப்பெண் கொடுத்து, இணைப்புகள் வழியே திரும்பத் திரும்பப் பங்கிட்டார்கள். 32.2 கோடி இணைப்புகள் கொண்ட வலையில், சுமார் 52 சுற்றுகளில் எண்கள் கிட்டத்தட்ட அசையாமல் நின்றுவிட்டன.

இன்று இந்த இணைப்புக் கணக்கு கூகுளின் பல அளவுகோல்களில் ஒன்று மட்டுமே. தேடல் பட்டியலில் ஒரு பக்கத்தை முன்னே கொண்டுவர முயலும் வேலைதான் எஸ்இஓ எனும் தேடுபொறி உகப்பாக்கம். அதற்கு வரும் புதியவர்கள் பலர் நேரே குறிச்சொல் வேட்டைக்குக் கிளம்புகிறார்கள். பக்கம் கூகுளின் சொல்லடைவில் ஏறியிருக்கிறதா என்பதல்லவா முதல் கேள்வி? கூகுளின் சர்ச் கன்சோல் அதை இலவசமாகவே காட்டும்.

தளத்துக்குள் வந்தவர் என்ன செய்தார் என்று பார்ப்பது வெப் அனலிடிக்ஸ். எனக்கு இதுதான் பெரிய வியப்பு. பழைய கூகுள் அனலிடிக்ஸ் வாசிப்பு நேரத்தைக் கழித்தல் கணக்கால் கண்டது. முதல் பக்கம் 10:00 மணி, அடுத்தது 10:04; ஆக முதல் பக்கத்துக்கு 4 நிமிடம். இரண்டாவது பக்கத்தை 20 நிமிடம் ரசித்துப் படித்துவிட்டு மூடினால்? அடுத்த சொடுக்கு இல்லை, கழிக்க எண்ணும் இல்லை. எனவே பூஜ்யம்! ஒரே பக்கத்துக்கு வந்து, வரிவிடாமல் படித்துப் போனவரும் பூஜ்ய நொடி வாசகர்தான்.

2023 ஜூலையில் பழைய பதிப்பு ஓய்வு பெறத் தொடங்கியது. இப்போதைய பதிப்பான ஜிஏ4, பக்கம் திரையில் முன்னால் இருக்கும் நேரத்தை எண்ணுகிறது. அதே வாசகர், அதே வாசிப்பு; எண் மட்டும் வேறு. ஆகவே இத்தொழிலுக்கு வருபவர், ஓர் எண் ஏறியதா இறங்கியதா என்று பார்க்கும் முன், அது எப்படிப் பிறந்தது என்று கேட்கப் பழக வேண்டும்.

பழகுவதற்கு இடமும் உண்டு. கூகுள் தன் பொருள்களை விற்கும் இணையக் கடையின் நிஜத் தரவை அனலிடிக்ஸ் மாதிரிக் கணக்காகத் திறந்து வைத்திருக்கிறது. அதில் 'டைரக்ட்' என்ற வரிசையைப் பாருங்கள். முகவரியைத் தட்டச்சு செய்து நேராக வந்தவர்கள் என்று தோன்றும். உண்மையில், எங்கிருந்து வந்தார் என்று தெரியாத பலரும் அங்கேதான் சேர்கிறார்கள். வாட்ஸ்அப்பில் நண்பர் அனுப்பிய இணைப்பைத் தொட்டு வந்தவர்கூடப் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்.