ஓடு சுத்தம்! உள்ளே?

கடையில் முட்டை வாங்கும்போது எதைப் பார்க்கிறீர்கள்? வெடித்திருக்கிறதா, எச்சம் ஒட்டியிருக்கிறதா என்றுதானே? பார்க்க வேண்டியவைதாம். ஆனால், ஓடு சுத்தமாக இருந்தும் உள்ளே நோய் குடியிருக்கலாம். 2010ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடும்பங்கள் இதை அனுபவத்தில் கண்டன.

அவ்வாண்டு மே மாதம் முதல் அங்கே சல்மொனெல்லா எனும் பக்டீரியாவால் காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றோட்டம் கண்டோர் தொகை வழமையைவிட ஏறிற்று. நோயாளிகள் எங்கே, என்ன சாப்பிட்டார்கள் என்று சுகாதார அதிகாரிகள் துருவித் துருவி விசாரித்தனர். அந்த விசாரணை அயோவா மாநிலத்தின் இரண்டு பெரும் பண்ணைகளில் போய் முடிந்தது. ஓகஸ்டில் 50 கோடிக்கும் மேற்பட்ட முட்டைகள் திருப்பியெடுக்கப்பட்டன. நவம்பர் முடிவதற்குள் நோயுற்றோர் சுமார் 1,939 பேர்.

பண்ணைகளைச் சோதித்தவர்கள் குவிந்த எச்சத்தையும் ஈக்களையும் எலிகளையும் கண்டார்கள். கோழித் தீனியிலும் அதே கிருமி இருந்தது. 2015இல் ஒரு பண்ணையின் உரிமையாளருக்கும் அவரது மகனுக்கும் தலா மூன்று மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அறிவித்தல் வருமுன்

அங்கே முட்டைப் பெட்டியில் ஆலையின் இலக்கமும், பொதி செய்த நாள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். முதலில் திருப்பியெடுத்தவை 136ஆம் நாளிலிருந்து தொடங்கின. அதாவது மே 16. முதல் அறிவித்தல் வந்ததோ ஓகஸ்ட் 13இல்! இடைப்பட்ட மூன்று மாதத்தில் எத்தனை முட்டைகள் பிள்ளைகளின் தட்டுக்குப் போயிருக்கும்? சாப்பிட்டு முடிந்ததை யாரால் திருப்பியெடுக்க முடியும்?

கழுவினால் போகாதா?

ஓட்டின் மேலுள்ள அழுக்குப் போகும். ஆனால் இந்தக் கிருமி கோழியின் சூலகத்திலேயே தங்கி, ஓடு உருவாகுமுன்பே முட்டைக்குள் புகுந்துவிடும். கோழியைப் பார்த்தால் நோயுற்றதாகவே தெரியாது. உள்ளிருக்கும் கிருமியை அழிப்பது சூடுதான்.

ஆகவே, இவற்றைக் கவனியுங்கள்:

• வெள்ளையும் மஞ்சளும் இறுகும்வரை முட்டையை வேகவிடுங்கள். வட்டிலப்பமானால் நடுப்பகுதியும் இறுகியதா என்று பாருங்கள். முட்டை கலந்த உணவு 71 பாகை செல்சியஸ் வரை சூடேற வேண்டும்.

• சத்துக்கென்று பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் கொடுக்காதீர்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோருக்கு அரை அவியலும் வேண்டாம். வேகாத கேக் கலவையைப் பிள்ளைகள் வழித்து நக்க விடாதீர்கள்.

• முட்டை அடித்த பாத்திரத்தையும் கைகளையும் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்பே வேறு உணவைத் தொடுங்கள்.

• குளிர்சாதனப் பெட்டி இருந்தால் முட்டைகளை அதில் வையுங்கள். வெப்பத்தில் கிருமி விரைந்து பெருகும்.

நோயின் அறிகுறிகள் சாப்பிட்டு 6 மணித்தியாலம் முதல் 6 நாட்களுக்குள் தோன்றும். பலருக்கு ஒரு வாரத்தில் தானாகவே குணமாகும். ஆனால் கடும் காய்ச்சல், மலத்தில் இரத்தம், நீரிழப்பினால் சோர்வு ஆகியவற்றைக் கண்டால் தாமதியாமல் வைத்தியரிடம் செல்லுங்கள்.

எங்கோ ஒரு பண்ணையில் நடப்பது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. அடுப்பு உங்கள் கையில் இருக்கிறது. பிள்ளை பசியென்று அவசரப்படுத்தினாலும், முட்டை முழுதாக வெந்த பின்பே இறக்குங்கள்.