சந்தா செலுத்திப் பெறும் சந்தைத் தகவல்: பெறுமதியை அளவிடுவது எவ்வாறு?

பங்குச் சந்தையில் ஈடுபடுவோருக்குப் பணத்திற்கு அடுத்த மூலதனம் தகவலாகும். 1850 ஆம் ஆண்டில் போல் ஜூலியஸ் ரொய்ட்டர், ஜேர்மனியின் ஆஹன் நகருக்கும் பிரசல்ஸுக்கும் இடையே தந்தி வசதியில்லாத இடைவெளியில் பங்கு விலைகளைப் புறாக்கள் மூலம் அனுப்பிய காலம் முதல் இவ்வுண்மை மாறவில்லை. மாறியிருப்பவை வேகமும் விலையுமே.

1981 இல் சாலமன் பிரதர்ஸ் நிறுவனத்திலிருந்து விலக்கப்பட்ட மைக்கல் புளூம்பேர்க் உருவாக்கிய தரவு முனையத்திற்கு இன்று வருடாந்தச் சந்தா 20 ஆயிரம் டொலருக்கும் அதிகமாகும். பெரும் வங்கிகளுக்கு அது அன்றாடச் செலவு. அதேவேளை, சிறு முதலீட்டாளரை நோக்கியும் குறைந்த கட்டணச் சேவைகள் பல சந்தைக்கு வந்துள்ளன. சேமிப்பை அல்லது ஓய்வூதியக் கொடுப்பனவை முதலிடும் ஒருவர், இவற்றுக்குச் சந்தா செலுத்துமுன் சில வினாக்களை எழுப்புவது அவசியமாகும்.

முதலாவது, தகவலின் மூலம் எது? 2008 செப்டெம்பரில், யுனைட்டட் எயார்லைன்ஸ் நிறுவனம் 2002 இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியமை பற்றிய பழைய செய்தியொன்று, புதிய செய்தி போன்று புளூம்பேர்க் திரைகளில் தோன்றியது. சில நிமிடங்களில் அதன் தாய்க் கம்பனியின் பங்கு விலை சுமார் 12 டொலரிலிருந்து 3 டொலர் வரை சரிந்தது. தவறு தெரியவந்ததும் விலை பெருமளவு மீண்டது. ஆயினும் இடையில் விற்றவர்களின் நட்டம் மீளவில்லை. திகதியையும் மூலத்தையும் தெளிவாகக் காட்டாத சேவை, எவ்வளவு வேகமானதாயினும் ஆபத்தானதே.

இரண்டாவது, சேவை வழங்குநர் நம்பத்தகுந்தவரா? புளூம்பேர்க் செய்தியாளர்கள் வாடிக்கையாளர்களின் பாவனை விபரங்களைப் பார்வையிட முடிந்தமை 2013 இல் கோல்ட்மன் சாக்ஸின் முறைப்பாட்டால் வெளிவந்தது. நிறுவனம் மன்னிப்புக் கோரியது. 2015 ஏப்ரல் 17 இல் அம்முனையங்கள் உலகெங்கும் சில மணிநேரம் செயலிழந்தபோது, பிரித்தானிய அரசு 300 கோடி பவுண் திறைசேரி உண்டியல் விற்பனையைப் பிற்போட நேர்ந்தது. ஒரே சேவையில் முற்றாகத் தங்கியிருத்தல் அரசுகளுக்கே இடர் எனில், தனிநபருக்குச் சொல்லவேண்டியதில்லை.

மூன்றாவது, செலவுக்கேற்ற பயன் உண்டா? 5 இலட்சம் ரூபா முதலிட்டவர் வருடத்திற்கு 50 ஆயிரம் ரூபா சந்தா செலுத்தின், முதல் 10 சதவீத இலாபம் அச்சந்தாவுக்கே போய்விடும். மாதத்திற்கு ஒருமுறை பங்கு வாங்குபவருக்கு விநாடிக்கு விநாடி விலை தேவையில்லை.

நான்காவது, இலவசமாகக் கிடைப்பதையே விலைக்கு வாங்குகின்றோமா? கம்பனிகளின் காலாண்டு நிதிக்கூற்றுகளும் வருடாந்த அறிக்கைகளும் கொழும்பு பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் உள்ளன. திறைசேரி உண்டியல் ஏல முடிவுகளையும் நாணயமாற்று வீதங்களையும் மத்திய வங்கி வெளியிடுகின்றது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணைத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் மாதந்தோறும் அறிவிக்கின்றது.

வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் முதலீட்டாளர் மேலுமொன்றைக் கேட்க வேண்டும். ஒரு பங்கு ஷரீஆவுக்கு அமைவானது எனச் சேவை குறிப்பிடின், எந்த நியமத்தின்படி, எக்காலாண்டின் கணக்குகளைக் கொண்டு அது தீர்மானிக்கப்பட்டது? பஹ்ரைனைத் தளமாகக் கொண்ட இஸ்லாமிய நிதிக் கணக்கீட்டு அமைப்பின் நியமப்படி, வட்டியுடனான கடன் கம்பனியின் சந்தைப் பெறுமதியில் 30 சதவீதத்தைத் தாண்டலாகாது. கடனும் பங்கு விலையும் மாறுவதால், பழைய பட்டியல் பயன் தராது.

தரவு வேறு, ஆலோசனை வேறு. 'இப்பங்கு நிச்சயம் ஏறும்' என்று கூறும் சேவை விற்பது தகவலையன்று, ஆசையையே. முதலில் பரீட்சார்த்தமாக ஒரு மாதம் பெற்று, அது தந்த விலைகளையும் செய்திகளையும் உத்தியோகபூர்வ வெளியீடுகளுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே விவேகமாகும். அவ்வொரு மாதத்தில் தமது தீர்மானம் எதனையும் மாற்றாத சேவைக்கு வருடச் சந்தா செலுத்துவதில் பொருளில்லை.